கொடுக்குமுன் விசாரிப்போம்

(நமது ஜமாஅத்தின் ஆண்டு மகாசபைக் கூட்டத்தில் பைத்துல்மால் குழுவின் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)

 

ஈகையின் சிறப்பைப் பற்றி இந்த மேடையில் பலர் பேசிவிட்டார்கள். நம் மஹல்லா மக்களுக்குக் கொடுக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. நோன்புக் கஞ்சிக்கு அரிசி கேட்டால் மூட்டையாக வந்து இறங்குகிறது. ஒரு குமர் காரியம் என்றால் இஷா தொழுகைக்குள் தொகை சேர்ந்துவிடுகிறது. ஆகவே கொடுங்கள் என்று சொல்வதற்காக நாம் இங்கே நிற்கவில்லை. கொடுப்பது உரியவரின் கைக்குப் போய்ச் சேர்கிறதா என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவே அனுமதி கேட்டோம்.

முதலில் நம்முடைய தவறொன்றை ஒப்புக்கொண்டு தொடங்குவது முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ரமளான் மாதத்து ஜும்ஆ ஒன்றில் இருவர் வந்தனர். தூய வெள்ளை ஆடை, அழகான கிராஅத், கையில் அச்சிட்ட ரசீதுப் புத்தகம். தொலைவிலுள்ள ஒரு மாவட்டத்தில் அநாதைப் பிள்ளைகளுக்கான மதரஸா பாதியில் நிற்பதாகச் சொல்லிப் புகைப்படமும் காட்டினர். நாம் அவர்களுக்கு அறிவிப்புச் செய்ய இடம் கொடுத்தோம். வாசலில் துண்டு விரித்தனர். பைத்துல்மாலிலிருந்தும் ஒரு தொகையைச் சேர்த்துக் கொடுத்தோம். மூன்று மாதம் கழித்து நம் ஜமாஅத்தைச் சேர்ந்த வியாபாரி ஒருவர் சரக்கெடுக்க அவ்வூர் சென்றபோது, ரசீதில் இருந்த முகவரியைத் தேடிப் போனார். அங்கே இருந்தது ஒரு பழைய இரும்புக் கடை. அப்படி ஒரு மதரஸாவை அவ்வூர்ப் பள்ளிவாசலில் ஒருவரும் கேள்விப்பட்டதே இல்லை.

போனது பணம் மட்டுமென்றால் அதை இங்கே எடுத்துரைத்திருக்க மாட்டோம். மறு ரமளானில் ஒருவர் வந்தார். அவர் மனைவிக்கு இரு சிறுநீரகங்களும் பழுது. டயாலிசிஸ் செய்துகொண்டிருப்பதாகக் கூறி மருத்துவக் காகிதங்களை நீட்டினார். சூடு கண்ட பூனையாக இருந்த நாம், அக்காகிதங்களைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ‘இப்படித்தான் எல்லோரும் வருகிறார்கள்’ என்று சொல்லிப் பத்து ரூபாயைக் கையில் வைத்து அனுப்பினோம். அவர் அடுத்த ஊர்ப் பள்ளிவாசலுக்குச் சென்றார். அந்த ஜமாஅத்தின் செயலாளர் மருத்துவமனைக்கு ஒரு தொலைபேசி அழைப்புச் செய்தார். செய்தி உண்மையென்று தெரிந்தது. ஆறு மாத டயாலிசிஸ் செலவை அந்த ஜமாஅத்து ஏற்றுக்கொண்டது.

ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு. முதல் ஆண்டும் அதை நாம் செய்யவில்லை. மறு ஆண்டும் செய்யவில்லை. விசாரிக்காமல் கொடுத்ததும் விசாரிக்காமல் மறுத்ததும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள் என்பதை அன்றுதான் உணர்ந்தோம். ஏமாற்றுக்காரன் நம் பணத்தோடு நில்லாமல், அடுத்து வரும் உண்மையான ஏழைக்கு நம் உள்ளத்தில் இருக்கும் இடத்தையும் சேர்த்தே எடுத்துச் செல்கிறான்.

விசாரிப்பது மார்க்கத்துக்கு மாற்றமா?

‘அல்லாஹ்வுக்காகக் கேட்டவரிடம் கேள்வி கேட்கலாமா?’ என்று பெரியவர்கள் சிலர் நம்மிடம் வருத்தப்பட்டதுண்டு. அந்த வருத்தம் இரக்கத்திலிருந்து பிறந்தது, அதை மதிக்கிறோம். ஆயினும் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி எது என்பதைப் பார்க்கவேண்டும்.

கபீஸா (ரலி) என்ற தோழர் பிறருக்காகப் பொறுப்பேற்ற கடன் ஒன்றுக்கு உதவி நாடி வந்த செய்தி முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ளது. தர்மப் பொருள் வரும்வரை தங்கியிருக்குமாறு அவரிடம் கூறிய நாயகம் (ஸல்) அவர்கள், கேட்பதற்கு உரிமையுடையோர் மூவகையினர் என விளக்கினார்கள். பிறருக்காகக் கடன் பொறுப்பேற்றவர் ஒருவர். பேரிடரில் பொருளை இழந்தவர் ஒருவர். வறுமையில் வீழ்ந்தவர் மற்றொருவர். இம்மூன்றாமவருக்கு ஒரு நிபந்தனையும் சொல்லப்பட்டது. அவருடைய கூட்டத்தைச் சேர்ந்த அறிவுடைய மூவர் அவரது வறுமைக்குச் சாட்சி சொல்லவேண்டும் என்பதே அது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே மூவரின் சாட்சியம் கேட்கப்பட்டிருக்க, இன்று ஒரு தொலைபேசி அழைப்புக்கு நாம் கூச்சப்படலாமா?

வசூலிப்பவரிடமும் கணக்குக் கேட்கப்பட்டது. ஸுலைம் கூட்டத்தாரிடம் ஜகாத் திரட்ட அனுப்பப்பட்ட ஒருவர் திரும்பி வந்து, ஒரு பகுதியைப் பொது நிதியென்றும் மற்றொரு பகுதியைத் தமக்கு வந்த அன்பளிப்பென்றும் பிரித்து வைத்தார். நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி அதைக் கண்டித்தார்கள். பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்பது அவர்களது வினாவின் கருத்து. இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. இன்று வசூலில் சதவீதம் பேசிக்கொண்டு புறப்படும் முகவர்களைக் காணும்போது இந்த வினா நம் நினைவுக்கு வரவேண்டும்.

ஒரு மனிதர் ஓர் இரவு அறியாமல் திருடனுக்கும், மறு இரவு ஒழுக்கம் தவறிய பெண்ணுக்கும், அதற்கடுத்து ஒரு செல்வந்தருக்கும் தர்மம் கொடுத்த செய்தியும், அவருடைய தர்மம் வீணாகவில்லை என்பதும் உங்களில் பலர் அறிந்ததே. நல்ல நிய்யத்துடன் கொடுத்து ஏமாந்தவருக்கு அது பெரும் ஆறுதல். ஆனால் ஆராயாமல் கொடுப்பதற்கு அதை அனுமதிச் சீட்டாக்கிக்கொள்ளக் கூடாது. அதுவும் ஜகாத் என்பது நம் விருப்பப்படி கொடுக்கும் ஸதகா அன்று. அது எட்டுப் பிரிவினருக்கென்று வரையறுக்கப்பட்ட உரிமைப் பொருள். ஆராய்ந்து கொடுத்தபின் தவறு தெரியவந்தவரின் நிலையையும், ஆராயாமலே கொடுத்துத் தவறியவரின் நிலையையும் ஹனஃபி சட்டநூல்கள் பிரித்தே பேசுகின்றன. தத்தம் மத்ஹபின்படி இதை நம் இமாம் அவர்களிடம் கேட்டுத் தெளிவுபெறுமாறு வேண்டுகிறோம்.

ஏமாற்று எப்படி நடக்கிறது?

ரசீதுப் புத்தகத்துடன் வருபவர்கள் பழைய வகையினர். இன்றைய ஏமாற்று நம் சட்டைப்பையிலிருக்கும் கைப்பேசி வழியாக வருகிறது. அதன் முறைகளை வகைப்படுத்திச் சொல்கிறோம்.

ஒன்று, பேரிடர் காலத்துப் போலிகள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி நம் கரையோர மக்களை வாரிக்கொண்டுபோனது. அப்போது உலகெங்கும் கருணை பெருகியது. அதனூடே போலி இணையதளங்களும் போலி மின்னஞ்சல்களும் முளைத்தன. 2020 மார்ச் மாதம் கொரோனா நிவாரணத்துக்காகப் பிரதமரின் பெயரில் நிதி தொடங்கப்பட்டபோது, அதன் யுபிஐ முகவரியில் ‘கேர்ஸ்’ என்றிருந்த சொல்லின் இறுதி எழுத்தை மட்டும் விட்டுவிட்டு ‘கேர்’ என்று ஒரு போலி முகவரி உலவியது. காவல்துறையும் வங்கியும் அதைக் கண்டு முடக்கின. ஓர் எழுத்தை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியிலும் சிரியாவிலும் பூகம்பம் நேர்ந்தபோது, ஒரு தீயணைப்பு வீரர் குழந்தையை அணைத்திருக்கும் படம் பரப்பப்பட்டு அதன்பேரில் பணம் கேட்கப்பட்டது. கணினி வரைந்த படம் அது. அந்த வீரரின் கையில் ஆறு விரல்கள் இருந்ததைக் கண்டு உண்மையை அறிந்தனர். அதன்பின் அத்தகைய கருவிகள் வெகுவாகத் தேர்ந்துவிட்டன. இனி விரல்களை எண்ணிப் பார்த்துத் தப்பிக்க இயலாது. கண்ணீர் வரவழைக்கும் படத்தை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்பதை மனத்தில் இருத்துவோம்.

இரண்டு, கியூஆர் குறியீட்டு மோசடி. 2023 ஏப்ரலில் இந்தோனேசியத் தலைநகர் ஜகார்த்தாவில் ஒருவர் கைது செய்யப்பட்டார். பள்ளிவாசல்களின் உண்டியல்களில் தமது கணக்கின் குறியீட்டை அச்சிட்டு ஒட்டிவைத்திருந்தார். தொழ வந்தவர்கள் பள்ளிக்குக் கொடுப்பதாக எண்ணி அவர் கணக்குக்கே அனுப்பிக்கொண்டிருந்தனர். நம் பள்ளியின் வாசலிலும் இப்போது அந்தச் சதுரக் குறியீடு தொங்குகிறது. பணம் அனுப்புமுன் திரையில் தோன்றும் பெயர் நம் ஜமாஅத்தின் பெயர்தானா என்று பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்துங்கள். வேறு பெயர் வந்தால் அலுவலகத்தில் உடனே சொல்லுங்கள். குறியீட்டைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து, வாரம் ஒருமுறை ஒரு ரூபாய் அனுப்பிச் சோதிப்பது இவ்வாண்டு முதல் அலுவலகத்தின் கடமையாகும்.

மூன்று, உதவி தருவதாக வரும் ஏமாற்று. இதில் ஏழைகளே இரையாகின்றனர். ‘உங்கள் பெயருக்கு ஜகாத் தொகை ஒதுக்கியிருக்கிறோம், இந்தக் குறியீட்டை வருடி உங்கள் பின் எண்ணை இடுங்கள்’ என்று அழைப்பு வரும். சகோதரிகளே, இதை நன்றாக மனத்தில் பதியுங்கள்: யுபிஐ முறையில் பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பின் எண்ணை இட்டால் பணம் நம் கணக்கிலிருந்து வெளியே போகிறது என்றுதான் பொருள். ‘பதிவுக் கட்டணம்’, ‘கோப்புச் செலவு’ என்று முன்பணம் கேட்டாலும் அது ஏமாற்றே.

நான்கு, நோயாளியின் பெயரில் வரும் வேண்டுகோள். உண்மையான நோயாளியின் படத்தையும் மருத்துவச் சான்றையும் எடுத்துக்கொண்டு, வங்கிக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றிப் பரப்பிவிடுகின்றனர். சில வேளைகளில் வேண்டுகோள் மெய்யாகவே இருந்தாலும், அந்த நோயாளி குணமடைந்தோ மறைந்தோ ஆண்டுகள் ஆகியிருக்கும். செய்தி மட்டும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும். தேதியில்லாத வேண்டுகோளைப் பிறருக்கு அனுப்பாதீர்கள். இணையவழி நிதி திரட்டும் தளங்கள் வழியே கொடுப்போர் இன்னொன்றும் கவனிக்கவேண்டும். சில தளங்கள் நாம் கொடுக்கும் தொகைக்கு மேல் ‘டிப்’ என்று ஒரு தொகையைத் தாமே சேர்த்துக் காட்டுகின்றன. அதை நீக்கிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

நாம் செய்யவேண்டியது

இத்தனை முறைகளுக்கும் பொதுவான அடையாளம் ஒன்றுண்டு. அது அவசரம். ‘இன்றிரவுக்குள் கட்டாவிட்டால்’, ‘இன்னும் ஒரு மணி நேரத்தில்’ என்று நம்மைச் சிந்திக்க விடாமல் துரத்துவர். மருத்துவ அவசரம் உண்மையிலேயே உண்டு. ஆனால் அதற்குரிய வழி, மருத்துவமனையின் எண்ணை நாமே தேடி எடுத்து அழைத்து, நோயாளியின் பதிவு எண்ணைச் சொல்லி விசாரித்து, பணத்தை மருத்துவமனைக் கணக்கிலேயே கட்டுவதாகும். வேண்டுகோளில் அச்சிட்டிருக்கும் எண்ணை அழைத்தால் ஏமாற்றுபவரின் கூட்டாளியே பேசக்கூடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்தச் சிகிச்சை அடங்குமா என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். அதில் அடங்கினால், ஒருவருக்கென ஒதுக்கிய தொகை இன்னொரு நோயாளிக்கும் பயன்படும்.

நிறுவனங்களுக்குக் கொடுப்போர் அது அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவு செய்யப்பட்டதா, ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்து வெளியிடுகிறதா என்று கேளுங்கள். கணக்கைக் கேட்டதும் கோபிக்கும் நிறுவனத்துக்குக் கொடுக்காமலிருப்பதே நலம். தனிநபர் கணக்குக்கு அனுப்பாமல் நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்குக்கே அனுப்புங்கள். வருமான வரிச் சலுகை கோருவோர் மற்றொன்றையும் அறிந்துகொள்க: ரொக்கமாகக் கொடுக்கும் நன்கொடைக்கான சலுகை வரம்பு 10,000 ரூபாயாக இருந்ததை 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 2,000 ரூபாயாகக் குறைத்துவிட்டது.

அயல்நாட்டில் வாழும் நம் சபுராளிகளுக்கும் ஒரு சொல். வளைகுடாவில் உழைத்தாலும் இந்தியக் குடிமகனாக இருப்பவர், தம் சொந்தச் சம்பாத்தியத்தை முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது அயல்நாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. ஆனால் சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளின் குடியுரிமை பெற்றுவிட்ட நம் உறவினர், இரத்த உறவு எத்துணை நெருக்கமாயினும், ஓர் அமைப்புக்குக் கொடுப்பது அயல்நாட்டு நன்கொடையே. அதற்கு 2010ஆம் ஆண்டின் அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அந்த அமைப்பு அனுமதி பெற்றிருக்கவேண்டும். நல்லெண்ணத்துடன் அனுப்பப்படும் பணம் ஜமாஅத்தைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடக் கூடாது. ஆகவே அனுப்புமுன் அலுவலகத்தைக் கேட்டுவிடுங்கள்.

யாரேனும் ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். சைபர் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். தேசியச் சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதிவு செய்யலாம். அனுப்பிய பணம் மற்றொரு கணக்குக்கு மாறுமுன் தடுத்து நிறுத்த ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். தமக்கு நேர்ந்ததை ஒருவர் வெளியே சொல்வது மற்றவர்களைக் காப்பாற்றும் ஸதகாவாகும்.

நம் மீதுள்ள கடமை

பிறரிடம் கணக்குக் கேட்கச் சொல்லும் நாம் நம் கணக்கைக் காட்டவேண்டாமா? 2024 ஏப்ரலில் நம் அண்டை மாநிலமான கேரளத்து மக்கள், சவூதி அரேபியாவில் மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த கோழிக்கோட்டுக்காரர் ஒருவரை மீட்க 34 கோடி ரூபாய் திரட்டினார்கள். சேரும் தொகையை எவரும் பார்க்கும்படி அதற்கெனக் கைப்பேசிச் செயலியே அமைத்திருந்தனர். இலக்கை எட்டியதும் வசூலை நிறுத்திவிட்டதாக அறிவித்தனர். எவ்வளவு வேண்டும், எவ்வளவு வந்தது, எப்போது நிறுத்துவது என்ற மூன்றையும் வெளிப்படையாகச் சொன்னதால் நம்பிக்கை பெருகிற்று. நம் பைத்துல்மாலும் அவ்வாறே நடக்கவேண்டும் என்ற நோக்கில்தான், இம்மலரின் பிற்பகுதியில் ஜகாத், ஃபித்ரா, ஸதகா ஆகியவற்றின் வரவு செலவுகள் தனித்தனியே அச்சாகின்றன. பொது நன்கொடையோடு ஜகாத்தைக் கலக்காமல் வைப்பது எங்கள் அமானத். உதவி பெற்றோரின் பெயர்களை மட்டும் அச்சிடவில்லை. அவர்களின் கண்ணியமும் எங்களிடமுள்ள அமானத்தே. தணிக்கையாளரும் இமாம் அவர்களும் அப்பதிவேட்டைப் பார்வையிட்டுள்ளனர்.

இவ்வாண்டு மகாசபையின் ஒப்புதலுக்காக ஒரு கோரிக்கையை முன்வைக்கிறோம். கபீஸா (ரலி) அவர்களின் செய்தியில் வரும் மூவரைப் போல, நம் மஹல்லாவிலும் மூவர் கொண்ட விசாரணைக் குழுவொன்றை அமைக்க விரும்புகிறோம். அம்மூவரில் ஒருவர் மூத்த தாய்மார்களில் ஒருவராக இருத்தல் வேண்டும். இத்தா இருக்கும் கைம்பெண்ணின் அடுப்பங்கரை நிலையை ஆண்கள் வாசலில் நின்று அறிய முடியாது. வெளியூரிலிருந்து வருவோர் முதலில் அலுவலகத்தில் காகிதங்களைக் கொடுக்கவேண்டும். அவர் ஊர் ஜமாஅத்தையோ மருத்துவமனையையோ நாமே அழைத்து விசாரித்து, இரண்டு நாளுக்குள் முடிவு சொல்லிவிடவேண்டும். அதுவரை அவருக்கு உணவும் தங்க இடமும் நம் பொறுப்பு. மறுப்பதானாலும் இனிய சொல்லுடன் மறுக்கவேண்டும். ஒருவரையும் சந்தேகத்தின்பேரில் வாசலில் வைத்து அவமதிக்கக் கூடாது.

நாயகம் (ஸல்) அவர்களிடம் யாசிக்க வந்த அன்சாரித் தோழர் ஒருவரின் செய்தி அபூதாவூதில் உள்ளது. வீட்டில் என்ன இருக்கிறது என்று அவரிடம் கேட்கப்பட்டது. ஒரு துணியும் ஒரு பாத்திரமுமே இருந்தன. அவை ஏலத்தில் இரண்டு திர்ஹத்துக்குப் போயின. ஒரு திர்ஹம் குடும்பத்தின் உணவுக்கு. மற்றொன்றில் ஒரு கோடரி. நாயகம் (ஸல்) அவர்களே அதற்குப் பிடி போட்டுக் கொடுத்து விறகு வெட்டி விற்கச் சொன்னார்கள். பதினைந்து நாளில் அவர் பத்துத் திர்ஹத்துடன் திரும்பினார். அங்கே முதலில் நடந்தது விசாரணை என்பதைக் கவனியுங்கள். அவர் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டதால்தான் அவருக்குத் தேவை எதுவென்று தெரிந்தது. இரக்கத்தோடு கேட்கப்படும் கேள்வியும் ஓர் உதவிதான். நம் மஹல்லாவிலும் ஆண்டுதோறும் ஐந்நூறு ரூபாய் வாங்கிச் செல்லும் சில வீடுகளுக்குத் தையல் இயந்திரமோ தள்ளுவண்டியோ வாங்கிக் கொடுத்திருந்தால், அவர்கள் இன்று நம்மிடம் வரவேண்டிய தேவையே இருந்திராது.

கேட்டு வருவோரைவிடக் கேட்காமல் இருப்போரே நம்மில் அதிகம். தேவையிருந்தும் பிறர் அறியாதபடி மறைந்து வாழ்பவரே மெய்யான மிஸ்கீன் என்ற நபிமொழியின் கருத்தை நாம் மறந்துவிடலாகாது. அந்த இருவருக்கு நாம் துண்டு விரிக்க இடம் கொடுத்த அதே ரமளானில், நம் பள்ளிவாசலுக்கு மூன்று தெரு தள்ளி வசிக்கும் ஒரு சகோதரி, மகனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் காதிலிருந்ததைக் கழற்றி அடகு வைத்தார். அதை நாம் அறிந்தது ஓராண்டு கழித்து. அவர் எவரிடமும் கேட்கவில்லை. நாமும் அவரிடம் போய்க் கேட்கவில்லை. ஏமாற்றுக்காரரைக் கண்டுபிடிக்க மட்டுமன்று, இத்தகையோரைக் கண்டறியவும் இந்த மூவர் குழு வேண்டும்.

ஆகவே ஜமாஅத்தார்களே, கைகளைச் சுருக்கிக்கொள்ளுமாறு நாம் கேட்கவில்லை. கொடுங்கள், இன்னும் அதிகமாகக் கொடுங்கள். கொடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள். மறுக்குமுன்னும் ஒரு கேள்வி கேளுங்கள். நம் தர்மங்களை உரியவரிடம் சேர்ப்பித்து, நம் பொருளிலும் சந்ததியிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.